இரண்டு நாள் முந்திவிட்ட பூசை

“அப்போ, செத்தவங்களுக்காக இன்னொருத்தர் கையெழுத்துப் போட முடியாதுன்றீங்க?”

“முடியாது.”

“பவர் இருந்தாலும்?”

“பவரும் கூடவே செத்துப் போச்சும்மா. எழுதிக் குடுத்தவங்க மூச்சு நிக்கிற நிமிஷமே பத்திரத்தோட மூச்சும் நின்னுடும். அப்புறம் அது வெறும் காயிதம். பட்டாணி மடிக்கலாம்.”

“சுண்டல் மடிக்கலாம்,” என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் திருத்தியது. “ஸ்டாம்புப் பேப்பரு தடிமன் வாத்யாரே. சூடு தாங்கும்.”

கேள்வி கேட்ட பெண்மணி சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையிலும் அவள் இல்லை. பெயர் ஆலிஸ். நாற்பது வயது. ராயபுரத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவள். வருகிற திங்கட்கிழமைக்குள் அவள் பிறந்ததிலிருந்து வாழ்ந்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை அதை இடித்து, துறைமுகச் சரக்கு வைக்கும் கிடங்கு ஒன்று எழும்பப் போகிறது.

பதில் சொன்னவர் துப்பறியும் கோதண்டம். கல்மண்டபத்தில் பாய்த்துணிக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு பொடி மட்டை.

சுண்டல் விஷயத்தைத் திருத்தியவன் அவருடைய உதவியாளன் அமீருதீன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் டாலி கிளார்க்காக ஆறு வருஷம் இருந்தவன். எண்ணும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வாடகை நூல்நிலையத்து மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துத் தீர்த்தவன். அந்த நாவல்களில் துப்பறிபவர்கள் பனிமூட்டத்தில் குதிரை வண்டியில் போவார்கள். யோசனை வந்தால் பைப் பிடிப்பார்கள். கோதண்டத்துக்கு யோசனை வந்தால் தும்மல்தான் வரும். அமீருதீன் இதற்காக மனம் நொந்த காலமும் உண்டு. இப்போது பழகிவிட்டது.

“முழுக்கச் சொல்லும்மா,” என்றார் கோதண்டம். “இவனுக்காக.”

ஆலிஸ் சொன்னாள். வீடு அவளுடைய அத்தை இருதயம்மாளுடையது. அத்தைக்குப் பிள்ளை இல்லை. புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது. ஆலிஸைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் முட்டி வீங்கி நடமாட்டம் குறைந்தபோது, வரி கட்டவும் குடித்தனக்காரரைக் கவனிக்கவும் புருஷனுடைய தம்பி மகனான ஸ்டானிஸ்லாஸுக்குப் பவர் எழுதிக் கொடுத்தாள். அதே நாளில், தனக்குப் பிறகு வீடு ஆலிஸுக்கு என்று உயிலும் எழுதினாள்.

“தீபாவளி நேரத்துல வெடிப் புகை அத்தைக்கு ஆகாது. மூச்சு வாங்கும். எண்ணூர்ல கடல் காத்து நல்லாருக்கும்னு ஸ்டானிஸ்லாஸ் வந்து கூட்டிட்டுப் போனான். தீபாவளி வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு, அந்தப் பவரை வச்சு வீட்டை வித்து ரிஜிஸ்தர் பண்ணிட்டான். அன்னிக்கே மத்தியானம் மூணு மணிக்கு அத்தை போயிட்டாங்களாம்.”

“நாலு மணி நேரம்,” என்றான் அமீருதீன். “அந்தம்மா ரொம்பத்தான் ஒத்தாசை பண்ணிக்கீறாங்க.”

“பவர் பகல் வாட்ச்மேன். உயில் ராத்திரி வாட்ச்மேன்,” என்றார் கோதண்டம். “ஒருத்தன் டூட்டி முடியறப்போ இன்னொருத்தன் டூட்டி ஆரம்பம். அவங்க வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் போனது நெஜம்னா வித்தது செல்லும். உயில்ல சொன்ன வீடே இல்லைன்னு ஆயிடும். வெள்ளி பதினோரு மணிக்கு முந்தியே போயிருந்தா, அதுவும் அவனுக்குத் தெரிஞ்சே போயிருந்தா, வித்தது செல்லாது. வீடு உன்னுது.”

“அத்தை வீட்ட விக்கச் சொல்லி எழுதலையேய்யா. வரி கட்டத்தானே…”

கோதண்டம் பொடி மட்டையைத் திறந்து, எடுக்காமலே மூடினார். அமீருதீனுக்குக் காரணம் தெரியும். இந்தத் தொழிலுக்கு வருமுன் அவர் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே பெட்டி வைத்து உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர். அந்தப் பவரை எழுதியதும் அவர்தான். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு மந்திரம் உண்டு: ‘மேற்படி சொத்தை வாடகைக்கு விடவும், வரி செலுத்தவும், வழக்காடவும், விற்கவும், கிரயப் பத்திரம் ரிஜிஸ்தர் செய்து கொடுக்கவும்.’ யார் எதற்கு வந்து கேட்டாலும் கை தானாக முழு மந்திரத்தையும் எழுதிவிடும்.

“அந்தம்மா கேட்டது வரி கட்ட ஒரு கையி,” என்றான் அமீருதீன் மெதுவாக. “நீங்க குடுத்தது வூட்டையே துன்ற வாயி.”

“தெரியும்டா,” என்றார் கோதண்டம். “அதான் இந்தக் கேசை நானே தேடிப் போய் எடுத்தேன். செத்த தேதிக்கு சாட்சி யாருமில்லையாம்மா?”

“எண்ணூர் கிராம முன்சீப் புத்தகத்துல வெள்ளிக்கிழமைன்னுதான் இருக்கு. ஸ்டானிஸ்லாஸ் சொன்னதை எழுதிக்கிட்டாரு. பெட்டிய ஆணி அடிச்சேதான் ராயபுரம் கொண்டாந்தாங்க. முகம்கூடப் பாக்கல.” ஆலிஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கறுப்புக் கரை போட்ட ஒரு கார்டை மேஜையில் வைத்தாள். “முப்பதாம் நாள் பூசைக்கு அவன் அடிச்ச கார்டு. நாளன்னிக்கு சனிக்கிழமை, ராயபுரத்துல. நானும் அத்தை உயிர் போன ஊர்லயே தனியா ஒரு பூசை வைக்கலாம்னு நேத்து எண்ணூர் சின்னக் கோயிலுக்குப் போனேன். அங்க சுவாமியாருக்கு ஒத்தாசையா உபதேசியார் தாமஸ் இருக்காரே, பாவம், வயசாயிடுச்சு. ‘அதான் வியாழக்கிழமைக்கு ஏற்கெனவே ஒண்ணு கேட்டாச்சே’ன்னாரு. சனிக்கிழமைன்றதுக்கு வியாழன்னு வாய் குழறிட்டாரு போல.”

கோதண்டம் தும்மினார். பொடி போடாமலே தும்மினார்.

“அமீரு, சட்டைய மாட்டு.”

*

கும்மிடிப்பூண்டி லைன் பாசஞ்சர் திருவொற்றியூரைத் தாண்டியபோது மழை விட்டிருந்தது. தூரத்தில் உப்பளங்கள் வெளிறித் தெரிந்தன. கீற்று மூடாத ஒன்றிரண்டு உப்புக் குவியல்களைப் பார்த்ததும் அமீருதீனுக்கு, பனி பெய்யும் தேசத்தில் சறுக்கு வண்டியில் போவது போலிருந்தது. எதிர்ப் பெஞ்சில் கருவாட்டுக் கூடையுடன் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்ததும் சறுக்கு வண்டி கவிழ்ந்துவிட்டது.

“இன்னா வாத்யாரே, ஒரு கெழவரு கெழமைய மாத்திச் சொன்னதுக்கா ரயில் ஏறி வர்றோம்?”

“கோயில்ல வேலை பார்க்கிறவங்க எதை வேணும்னாலும் மறப்பாங்க அமீரு. பூசை நாளை மறக்க மாட்டாங்க. அது போகட்டும், இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“அப்போ அந்தப் பூசை இன்னிக்குக் காலைல நடந்திருக்கணும்.”

*

எண்ணூர்ச் சின்னக் கோயில் உண்மையிலேயே சின்னதுதான். ஓட்டுக் கூரை, பக்கத்தில் ஒரு மணிக்கம்பம், முற்றத்தில் காயும் வலைகள். உபதேசியார் தாமஸ் ஒரு பித்தளை மெழுகுவர்த்தித் தண்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். ஆனால் வாய் குழறுகிற கிழவராகத் தெரியவில்லை.

“நடந்துதே,” என்றார். “விடியற்காலம் ஆறு மணிக்கு. செத்தவங்களுக்கு வைக்கிற கறுப்புப் பூசை.”

பூசை கேட்பவர்களுக்காக வைத்திருக்கும் புத்தகத்தையும் எடுத்து வந்து காட்டினார். குண்டு குண்டான எழுத்தில் ஒரே வரி: ‘மரித்த இருதயம்மாள் ஆத்துமத்துக்காக. முப்பதாம் நாள்.’

“ஐயா, நான் கோயிலு பள்ளிவாசலு ரெண்டுக்கும் வெளிய நிக்கிற ஆளு,” என்றான் அமீருதீன். “முப்பதை எங்கேருந்து எண்ணுவீங்க? அடக்கம் பண்ண நாள்லேருந்தா?”

“மூச்சு நின்ன நாள் ஒண்ணு. அதுலேருந்து முப்பது. அடக்கம் தள்ளிப் போகலாம் தம்பி. ஆத்துமம் தள்ளிப் போகுமா?”

“எண்ணிக்கை தப்பா இருந்தா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ராயபுரத்துல சனிக்கிழமைன்னு கார்டு போட்டிருக்காங்களே, நீங்க வியாழன்னு சொல்றீங்களேன்னேன். ‘நான் எண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்’னு பதில் வந்துது.”

“யார் சொன்னது?”

உபதேசியார் மெழுகுவர்த்தித் தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “பேரெழுத வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. சுவாமியாரும் சரின்னுட்டாரு. சரின்னா சரிதான்.”

“அந்தம்மா சாகறப்போ சுவாமியார் போய் ஜெபம் சொல்லி எண்ணெய் பூசினாரா?” என்று கேட்டார் கோதண்டம்.

“கூப்பிடலியே. கூப்பிடு தூரத்துலதான் இருந்தாரு. கூப்பிடல.” கிழவர் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். இந்த முறை கொஞ்சம் அழுத்தமாகவே தேய்த்தார்.

முற்றத்துக்கு வந்ததும் அமீருதீன் விரல் கணுக்களைத் தொட்டுப் பின்னோக்கி எண்ணினான். ஆறு வருஷம் மூட்டை எண்ணிய விரல்கள் ஒரு முறைதான் எண்ணும்.

“இன்னிக்கு முப்பதுன்னா, ஒண்ணு எங்க விழுது தெரியுமா? புதன்கிழமை. தீபாவளிக்கு மொத நாளு!” அவன் குரல் உயர்ந்தது. “வியாழக்கெழமை தீபாவளி. ரிஜிஸ்திரார் ஆபீசு பூட்டிக் கெடக்கும். வெள்ளிக்கெழமை வரைக்கும் அந்தம்மாவ உசுரோட வச்சிருந்தாகணும். வச்சிட்டான்! ஊரெல்லாம் அணுகுண்டு வெடிச்சிக்கினு கீது, அந்தச் சத்தத்துல எந்த வூட்ல அழுதா எவனுக்குக் கேக்கும்?”

“மெதுவாப் பேசு.”

“ஆனா பாருங்க வாத்யாரே, கில்லாடின்னாலும் சாமிக்குப் பயந்த கில்லாடி. ரிஜிஸ்திராருக்குப் பொய், முன்சீப்புக்குப் பொய், கார்டு அடிச்சி ஊருக்கே பொய். மேல இருக்கறவருகிட்ட மட்டும் சரியான தேதி! இந்த மாதிரித் திருடனை நான் எந்த நாவல்லயும் பார்த்ததில்ல. வாங்க, சட்டையப் புடிச்சி…”

“பிடிக்காதே. பார்த்துப் பேசுவோம். பூசையைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது.”

*

ஸ்டானிஸ்லாஸின் வீடு கழிமுகத்தை ஒட்டி இருந்தது. அவன் உப்பு டிப்போவில் கிளார்க். மத்தியானச் சாப்பாடு முடித்துக் கால்சட்டையில் சைக்கிள் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தான். சுருட்டை முடி, சிரித்த முகம். யார் அனுப்பி வந்திருக்கிறார்கள் என்று கோதண்டம் மறைக்காமல் சொன்ன பிறகும் அந்தச் சிரிப்பு குறையவில்லை.

“ஆலிஸுக்கு வருத்தம் இருக்கும் சார். எனக்கும்தான் இருக்கு. ஆனா பெரியம்மா குடுத்த பவர். பதினோரு மணிக்குப் பதிஞ்சேன். மூணு மணிக்குப் போயிட்டாங்க. ஓட்டப் பந்தயத்துல நாலு மணி நேரம் முந்தறது கொஞ்சமா?”

“நாங்க பந்தயத்துக்கு டிக்கெட் வாங்கலியே,” என்றான் அமீருதீன்.

“சுவாமியாரைக் கூப்பிட்டீங்களா?” என்றார் கோதண்டம்.

“திடீர்னு நடந்துபோச்சு சார். ஆள் அனுப்ப நேரமில்ல.”

உள்ளே அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு மீண்டும் கேட்டது.

“முப்பதாம் நாள் என்னிக்கு சார்?” கோதண்டத்தின் குரல் கல்யாணத் தேதி விசாரிப்பது போல இருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான். “சனிக்கிழமை, ராயபுரத்துல. பாட்டுப் பூசை. நீங்களும் வாங்க. அப்புறம் எல்லாருக்கும் சாப்பாடு இருக்கு.”

“இங்கே பக்கத்துல கோயில் இருக்கே, இங்கேயும் ஒண்ணு…”

“இங்கயா?” ஸ்டானிஸ்லாஸ் வாய்விட்டுச் சிரித்தான். “இந்தச் சுவாமியாருக்கும் எனக்கும் ஆகாது சார். அந்தப் படியை நான் மிதிச்சே ரெண்டு வருஷமாச்சு. ஒரே பூசை, அதை நல்லா பண்ணுவோம்னுதான் ராயபுரத்துல வச்சேன். போதாதா?”

டிப்போ மணி அடித்தது. அவன் சைக்கிளில் ஏறினான். “வெயில்ல நிக்காதீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க. ஞானம், இவங்களுக்குத் தண்ணி குடு!” உள்ளே குரல் கொடுத்துவிட்டு, மணியை ஒரு தரம் அடித்து வளைவில் மறைந்தான்.

அமீருதீனுக்குத் தன்னுடைய சாமிக்குப் பயந்த கில்லாடி கண் முன்னாலேயே கரைந்து போனது. இந்த மனிதன் பொய் சொல்லும்போது எப்படி இருப்பான் என்று இப்போதுதான் பார்த்திருந்தான். அந்தக் கோயில் படியைப் பற்றிச் சொன்னபோது அவன் அப்படி இல்லை. அது நிஜம்.

“வாத்யாரே… அந்தப் பூசைய இவன் கேக்கல.”

“கேட்டிருக்க மாட்டான். சனிக்கிழமைக்குக் கார்டு அடிச்சு ஊரையே கூப்பிடறவன், வியாழக்கிழமைக்கு ரகசியமா ஒரு பூசை கேட்பானா? செத்தவங்களுக்கு நாள் தப்பிடுச்சேன்னு தவிக்கிற ஆளு இல்ல இவன்.” கோதண்டம் குரலைத் தாழ்த்தினார். “ஆனா புதன்கிழமைன்னு தெரிஞ்சவங்க இந்த வீட்டுக்கு வெளியே யாரும் இல்லை. இந்த வீட்ல இருக்கறதோ ரெண்டே பேரு.”

இரண்டு டம்ளர் தண்ணீருடன் ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். ஸ்டானிஸ்லாஸின் மனைவி ஞானசெல்வி. ஒல்லியான உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினாள்.

கோதண்டம் ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே, தண்ணீர் நன்றாயிருக்கிறது என்று சொல்லும் தொனியில் கேட்டார்:

“பெரியம்மா போயி எத்தனை நாளாச்சும்மா?”

“முப்பது,” என்றாள் அவள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. கை வாய்க்குப் போனது. அமீருதீன் டம்ளரை உதட்டருகே வைத்தபடியே நின்றான். அவனுடைய நாவல்களில் இந்த இடத்தில் யாராவது மயங்கி விழுவார்கள், அல்லது துப்பாக்கி வெடிக்கும். இங்கே ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. அந்தப் பெண் நிலைப்படியில் மெதுவாக உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

“காலைல பூசையில நான் ஒருத்திதான்,” என்றாள். “யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

“யாரும் சொல்லலம்மா. தாமஸ் ஐயா உங்க பேரை வாயிலயே எடுக்கல. நாங்களாத்தான் எண்ணிப் பார்த்தோம்.”

அவள் நெடுநாள் பூட்டியிருந்த அறையை ஒவ்வொரு ஜன்னலாகத் திறப்பது போலப் பேசினாள்.

“புதன்கெழமை விளக்கு வைக்கிற நேரம். மூச்சு இழுத்துக்கினு கீது. ‘சாமியாரக் கூப்டு ஞானம், சாமியாரக் கூப்டு’ன்னு என் கையப் புடிச்சாங்க. நான் செருப்பக்கூட மாட்டல, ஓடினேன். இவரு வாசல்ல வந்து நின்னுக்கினாரு. சாமியார் வந்தா ஊருக்குத் தெரிஞ்சிடும், ரெண்டு நாள் பொறுன்னாரு. பவருன்னாரு, பத்திரம்னாரு, எனக்கு ஒண்ணும் புரியல. அதுக்குள்ள போயிட்டாங்க. ஐஸ் வாங்கியாந்து வச்சாரு. ரெண்டு நாள் உள்ள சாம்பிராணி போட்டுக்கினே இருந்தேன். வெளிய புள்ளைங்க மத்தாப்பு கொளுத்துதுங்க.”

“நீங்க ஏன் யார்கிட்டயும்…” என்று தொடங்கினார் கோதண்டம்.

“யார்கிட்ட சொல்லுவேன்? ஊருக்குப் பொய் சொல்லிட்டேன், ஆலிஸ் அக்காவக் கட்டிப் புடிச்சி அழுதுக்கினே பொய் சொன்னேன். கடைசில எண்ணெய்கூட இல்லாம போனவங்களுக்கு, நாளையும் தப்பா வச்சா அவங்க எங்க போய் நிப்பாங்க? அத்த மட்டும் என்னால முடியல. தெனம் எண்ணிக்கினே இருந்தேன்.”

எதையாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று அமீருதீனின் நாக்கு பழக்கத்தில் ஒரு தரம் அசைந்தது. டம்ளரை வாசல் ஓரமாக வைத்தான்.

கோதண்டம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே மண்ணில் குந்தி உட்கார்ந்தார். “பாரும்மா. அந்தப் புத்தகத்துல ஒரு வரி இருக்கு. அது மட்டும் போதாது. எண்ணிக்கை தப்புன்னு உங்க வீட்டுக்காரர் ஒரே வார்த்தைல தள்ளிடுவாரு. எண்ணினவங்க வாயால சொன்னாதான் அது நிக்கும். திங்கட்கிழமை ஆலிஸை வீட்டுக்கு வெளியே தள்ளிடுவாங்க. அதுக்குள்ள ஒரு வக்கீல் முன்னாடி உக்காந்து, இப்போ சொன்னதை அப்படியே சொல்லணும்.”

“சொன்னா வூடு அக்காவுக்கு வந்துடுமா?”

“வரும்.”

“இவரு?”

கோதண்டம் பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. ஆனால் அன்று சொல்லவில்லை. “உயிரோட இல்லாதவங்க பேர்ல, தெரிஞ்சே பத்திரம் பதிஞ்சிருக்காரு. போலீஸ் சும்மா விடாது.”

ஞானசெல்வி தலையாட்டினாள். ஏற்கெனவே தெரிந்த பதில் போலத்தான் கேட்டுக்கொண்டாள். எழுந்து, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வலைகள் காய்கிற கோயில் முற்றத்தை ஒரு தரமும், சைக்கிள் போன வளைவை ஒரு தரமும் பார்த்தாள். பிறகு கோதண்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“நான் வரேன்யா. இப்பவே வரச் சொன்னாலும் வரேன், சிலுவை மேல கைய வச்சி சொல்றேன். ஆனா, கெட்டவரோ நல்லவரோ, எனக்கு இந்த ஒலகத்துல இவரு ஒருத்தர்தான் கீறாரு. அக்காவுக்கு வூடும் போய்ச் சேரணும், இவரு ஜெயிலுக்கும் போகக் கூடாது. படிச்சவங்க, நாலும் தெரிஞ்சவங்க நீங்க… ரெண்டுக்கும் சேர்த்து ஏதாச்சும் ஒரு வழி பண்ணிக் குடுப்பீங்களாய்யா?”